புதுப்பிப்பு: ஓட்ஸ் சாப்பிட்டும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இறங்காதவர்களுக்கு

வெண்ணெயைக் குறைத்து, தினமும் ஓட்ஸ் சேர்க்கச் சொல்லியிருந்த முந்தைய பதிவுக்கு வந்த கேள்விகளில் பாதி ஒன்றுதான்: "செய்தேன், எண் அசையவில்லையே?"

முதலில் அளவைப் பாருங்கள். பலன் தருவது ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. நாளுக்கு 3 கிராம் வேண்டும். அதற்குச் சமைக்காத ஓட்ஸ் ஏறக்குறைய 75 கிராம் தேவை. இரண்டு ஸ்பூன் தூவினால் போதாது. இந்த நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதுப் பித்தம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸ் பிடிக்காதவர்களுக்கு பார்லி, பருப்பு, பீன்ஸ் இருக்கின்றன. இசப்கோல் என்ற நார்ப்பொடி எடுத்தால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுங்கள், இல்லையேல் தொண்டையில் அடைக்கும். மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

அடுத்தது, வெண்ணெயின் இடத்தில் என்ன வந்தது என்பது. மைதா பிஸ்கட்டும் சர்க்கரையும் வந்திருந்தால் எல்டிஎல் பெரிதாக இறங்காது, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறும். அங்கே சூரியகாந்தி எண்ணெய், வால்நட் போன்றவை வர வேண்டும். 2000 கலோரி உணவில் நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், நெய் போன்றவற்றில் அதிகம் உள்ளது) 13 கிராமுக்குள் இருந்தால் நல்லது.

பலர் கவனிக்காதது காபி. காகித வடிகட்டி இல்லாமல் கொதிக்கவைத்த காபியில் உள்ள கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் எல்டிஎல்லை ஏற்றும்.

மறுபரிசோதனையை 6 வாரத்துக்கு முன் செய்யாதீர்கள். எல்டிஎல் 190 mg/dL-ஐத் தாண்டினால் பரம்பரைக் காரணமாக இருக்கலாம். உணவை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.