சேலம்: கொலுசுப் பட்டறைக் கணக்கை எக்ஸ்பி கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாற்ற உதவி தேவை

கொலுசுப்பட்டறை எழுதியது:

வணக்கம். சிவதாபுரம் பக்கம் எங்களுக்குச் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. கணக்கு முழுவதும் பழைய பென்டியம் 4 கணினியில் உள்ளது. விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஐடிஇ (பட்டையான கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்டு டிஸ்க். கணக்கு நிரல், ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் செய்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல். என் மாமனாருக்காக உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது உயிருடன் இல்லை. மூல நிரலும் எங்களிடம் இல்லை.

வெள்ளியைக் கொடுத்துக் கொலுசாகத் திரும்ப வாங்குகிற தொழில் இது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் கொடுத்த எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), வந்த எடை, சேதாரம், கூலி, அவரிடம் நிற்கும் வெள்ளி என எல்லாம் அதில்தான் இருக்கிறது. கம்பி இழுப்பவர், சலங்கை வைப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று கை மாறி வரும் சரக்கு. ஒரு வரி தொலைந்தாலும் யாரோ ஒருவர் வாங்காத வெள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

புதிதாக விண்டோஸ் 11 கணினி வாங்கியிருக்கிறோம். பழைய டிஸ்க்கின் பட்டையான கேபிளைச் செருக அதில் இடமே இல்லை. கணக்குக் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்துவந்து திறந்தால், இந்தக் கணினியில் இயங்காது என்று செய்தி வருகிறது. எக்ஸ்பியையே புதிய கணினியில் போட்டுவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? பழைய டிஸ்க்கில் அவ்வப்போது டக் டக் என்று சத்தம் வேறு கேட்கிறது.

பழையபெட்டி எழுதியது:

சகோதரி, முதலில் அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள். மாற்றுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம். சத்தம் போடும் டிஸ்க்கை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஆபத்து கூடுகிறது. அன்றாடக் கணக்கைச் சில நாள் நோட்டில் எழுதுங்கள்.

ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் கிடைக்கும். தனி மின்சார இணைப்புடன் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரம் போதாது. டிஸ்க்கின் பின்புறம் இருக்கும் ஜம்பர் என்ற சிறு செருகி மாஸ்டர் நிலையில் இருக்கட்டும். அதை இணைத்ததும் விண்டோஸ், டிஸ்க்கைச் சரிபார்க்கவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் எதற்கும் சம்மதிக்காதீர்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸில் கணினியைத் தொடங்கி, டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியால் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுப்பது நல்லது. அது நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாதாரண நகலெடுப்பு பழுதான இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

கடையில் சொன்ன யோசனை வேண்டாம். எக்ஸ்பி 2001இல் வந்தது. யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை மட்டும் ஏற்கும் மதர்போர்டில் அது தொடங்காது. புதிய கணினிகளில் வரும் என்விஎம்இ வகை டிஸ்க்கை அதற்குத் தெரியாது. யூஎஸ்பி 3க்கான டிரைவரும் அதனிடம் இல்லை, விசைப்பலகைகூட வேலை செய்யாமல் போகலாம். உங்கள் நிரல் திறக்காததற்குக் காரணம் வேறு: டாஸ் நிரல்களை இயக்கும் பகுதி 32 பிட் விண்டோஸில்தான் உண்டு. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

எடுத்த படியை விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வைத்தால் எக்ஸ்பி அப்படியே ஒரு ஜன்னலுக்குள் ஓடும். டிஸ்க்கை அங்கே ஐடிஇ கட்டுப்படுத்தியில் இணைக்க வேண்டும். ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா வகையில் இணைத்தால் 7பி என்று முடியும் எண்ணுடன் நீலத்திரை வரும். எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லாததுதான் காரணம்.

ஐந்துரோடு எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? புதிய கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்கி, நிலுவைகளை மட்டும் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். இன்னும் எத்தனை ஆண்டு டாஸில் ஓட்டுவீர்கள்?

கொலுசுப்பட்டறை எழுதியது:

அண்ணா, அதையும் பார்த்தோம். பில் போட வசதியாக இருக்கிறது. ஆனால் ஒரு டச்சில் கொடுத்து வேறு டச்சில் வாங்கும் வெள்ளியைத் தொழிலாளிவாரியாகக் கழிக்கும் கணக்கு அதில் இல்லை. தனியாக எழுதித் தரக் கேட்ட தொகையும் எங்களால் இயலாது. பழைய கணக்கைப் பார்க்கவாவது இந்த நிரல் வேண்டும்.

சேர்வராயன் எழுதியது:

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் கூலிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். அதுவும் ஃபாக்ஸ்புரோ டாஸ் நிரல்தான். பழையபெட்டி ஐயா சொன்னபடி படியெடுப்பதை முதலில் முடியுங்கள். அதன்பிறகு ஒன்றை யோசியுங்கள்: உங்களுக்கு வேண்டியது எக்ஸ்பியா, நிரலா? இது டாஸ் நிரல். எக்ஸ்பி இல்லாமலே ஓடும்.

எக்ஸ்பியை விர்ச்சுவல்பாக்ஸுக்கு மாற்றினால், வன்பொருள் மாறிவிட்டது என்று அது மறுபடியும் ஆக்டிவேஷன் (உரிமத்தை உறுதிசெய்தல்) கேட்கும். கணினியோடு சேர்ந்து வந்த எக்ஸ்பி என்றால் அதன் உரிமமும் அந்தக் கணினிக்கே உரியது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. எனவே, அதற்குள் இணையத்தை விடவே கூடாது.

எங்கள் தோட்டத்தில், விண்டோஸுக்குள் பழைய டாஸ் கணினியைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். மூலமான டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது. அதிலிருந்து பிரிந்து வந்த டாஸ்பாக்ஸ்-எக்ஸை மற்ற டாஸ் நிரல்களையும் பிரிண்டரையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை சில உண்டு.

பழைய டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32இல் கான்ஃபிக்.என்டி, ஆட்டோஎக்ஸெக்.என்டி என்று இரண்டு சிறிய கோப்புகள் இருக்கும். நிரலை எழுதியவர் ஃபைல்ஸ் (ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகள்) எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருப்பார், பாதைகளையும் குறித்திருப்பார். அவற்றைப் பார்த்து அதே மதிப்புகளை டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் கொடுங்கள். இல்லாவிட்டால் அதிகக் கோப்புகள் திறந்திருப்பதாகச் சொல்லி நிரல் பாதியில் நிற்கும். நிரல் டி டிரைவில் இருந்திருந்தால் இங்கேயும் டி என்றே ஏற்றுங்கள். பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கலாம்.

கணக்குப் பதிவுகள் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை மட்டும் எடுக்காதீர்கள். குறிப்புகள் இருக்கும் எஃப்பிடியும் பதிவுகளைத் தேட உதவும் அட்டவணையான (இன்டெக்ஸ்) சிடிஎக்ஸும் கூடவே வர வேண்டும். அட்டவணை கெட்டால் மறுபடி உருவாக்கிவிடலாம். குறிப்புக் கோப்பு போனால் போனதுதான்.

நிரலைத் திறக்கும்போது சுழியால் வகுத்த பிழை என்று ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். வேகமான கணினிகளில் பழைய ஃபாக்ஸ்புரோவுக்கு அந்தக் குறை உண்டு. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் வேகத்தைக் குறைத்தால் போய்விடும்.

பழையபெட்டி எழுதியது:

சேர்வராயன் சொல்வது சரி. அன்றாட வேலைக்கு அதுவே எளிது. டிஸ்க்கின் முழுப் படியை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். எக்ஸ்பியில் வேறு எதுவும் இருந்தது பின்னால் நினைவுக்கு வரலாம்.

ஒரு எச்சரிக்கை. டிபிஎஃப் கோப்பை லிப்ரேஆஃபீஸ் கால்க் திறந்து காட்டும். பார்ப்பதற்கு மிகவும் உதவும். ஆனால் அங்கே சேமிக்காதீர்கள். அட்டவணைக்கும் கோப்புக்கும் இருக்கும் ஒழுங்கு குலைந்துவிடும். நகலை மட்டும் திறந்து பாருங்கள்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. படியெடுத்தாகிவிட்டது. டிடிரெஸ்கியூ சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்றது, ஆனால் கணக்குக் கோப்புறை முழுதாக வந்திருக்கிறது. நிரல் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் திறந்துவிட்டது! ஃபைல்ஸ் எண்ணிக்கையைக் கூட்டும்வரை நிலுவைப் பட்டியல் வராமல் நின்றது. கூட்டியதும் வந்தது. கடைசியாகக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்த பட்டியலை மாமனார் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசித்தார், நான் திரையில் பார்த்தேன். எல்லோருடைய வெள்ளியும் கிராம் பிசகாமல் இருக்கிறது.

இப்போது பிரிண்டர்தான் சிக்கல். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை யூஎஸ்பி மாற்றுக் கேபிளில் இணைத்திருக்கிறேன். விண்டோஸ் அதைக் கண்டுகொள்கிறது. நிரல் எல்பிடி1க்கு (டாஸ் நிரல்கள் அச்சிட அனுப்பும் பழைய பிரிண்டர் இணைப்பு) அனுப்புவது மட்டும் போய்ச் சேரவில்லை. ஒருமுறை வேறு வழியில் அச்சிட்டபோது எழுத்து பெரிதாகி வரி மடங்கிவிட்டது.

சேர்வராயன் எழுதியது:

அந்தக் கேபிள் எல்பிடி1 ஆகாது சகோதரி. விண்டோஸ் அதை ஒரு யூஎஸ்பி பிரிண்டராகத்தான் பார்க்கிறது. இப்படிச் செய்யுங்கள். விண்டோஸில் அந்தப் பிரிண்டருக்கு ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரைப் போட்டு, ஒரு சிறிய பெயரில் பகிர்ந்துவிடுங்கள். டாஸ்பாக்ஸ்-எக்ஸின் அமைப்புக் கோப்பில் எல்பிடி1க்கு வருவதை ஒரு கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு விண்டோஸ் கட்டளைத் திரையில் அந்தக் கோப்பை, காப்பி கட்டளைக்கு ஸ்லாஷ் பி (/b) சேர்த்து, பகிர்ந்த பிரிண்டரின் பெயருக்கு அனுப்புங்கள். இதை ஒரு பேட்ச் கோப்பாக எழுதி மேசைத்திரையில் வைத்தால், இருமுறை சொடுக்கினால் போதும்.

எழுத்து பெரிதானதற்குக் காரணம், நெருக்கமாக அச்சிடச் சொல்லும் குறியீட்டை நிரல் அனுப்பியும் இடையில் இருந்த டிரைவர் அதை விழுங்கிவிட்டது. ஸ்லாஷ் பி போட்டால் குறியீடு அப்படியே பிரிண்டருக்குப் போகும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு ஜன்னலில் அந்தக் கோப்புறையைத் திறக்க வேண்டாம். ஜன்னலை மேலே உள்ள பெருக்கல் குறியால் மூடாமல், நிரலின் மெனு வழியாக வெளியே வந்த பிறகே மூடுங்கள். மின்வெட்டுக்கு யூபிஎஸ் இருக்கட்டும். தீபாவளி ஆர்டர் நேரம் வருவதற்குள் ஒரு மாதமாவது நோட்டிலும் சேர்த்து எழுதி, வாரக்கடைசியில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

ஸ்லாஷ் பி போட்டதும் 132 எழுத்தும் ஒரே வரியில் வந்துவிட்டது. பேட்ச் கோப்பை மாமனாரே சொடுக்கி அச்சிட்டார். படியை இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றைச் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். நோட்டும் தொடர்கிறது.