இவர்கள் ஏன் பிரியவில்லை என்று உங்களை யோசிக்க வைத்த ஒரு நிமிடம்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பதி. அவர் பற்றவைப்பார், அந்தம்மா மணி கோப்பார். இருவரும் நேராகப் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பதுகூட வேலைக்கு வரும் பையன் மூலமாகத்தான். போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்த அந்தம்மாவின் தம்பி, "ஓசூர்ல மாடி ரூம் சும்மாதான் கெடக்குது, கெளம்புக்கா" என்றார். நான் வாசலில் நின்றிருந்தேன். அந்தம்மா தலை நிமிராமல், "என் தாலிக்கொடி இந்தப் பட்டறைக்குள்ள கரைஞ்சு கெடக்குது. அதை எப்படிடா பிரிச்சு எடுத்துட்டு வர?" என்று சொல்லிவிட்டு அடுத்த மணியைக் கோத்தார். உள்ளே ஊதும் சத்தம் நின்றுபோனது. அவருக்கும் கேட்டிருக்கும். அது ஆள் மேல் உள்ள பற்றா, போட்ட பணத்தின் மேல் உள்ள பற்றா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாடம் நடத்துகிறவர்:
இதற்குக் கணக்கே இருக்கிறது. கேரில் ரஸ்பல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் வெளியிட்ட முதலீட்டு மாதிரி. ஒருவர் ஓர் உறவில் நிலைத்திருப்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன என்றார் அவர்: கிடைக்கிற திருப்தி, வெளியே இருக்கிற மாற்று வழி, இதுவரை போட்டு வைத்தது. போட்டது என்றால் பணம் மட்டுமில்லை. வயசு, பிள்ளைகள், இருவருக்கும் பொதுவான நண்பர்கள், சொல்லிவிட்ட ரகசியங்கள் என்று பிரிந்தால் திரும்பி வராத எல்லாமே. அதனால்தான் திருப்தி குறைந்தும் சிலர் அசையாமல் இருக்கிறார்கள். பட்டறை அம்மாவுக்கு இருக்கிற மாற்று வழி என்ன? தம்பி மனைவியின் வீட்டில் ஒரு மாடி அறை. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. வகுப்பில் இதை நடத்தியபோது கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அப்போ ஒண்ணுமே போடாம இருக்கறதுதான் சேஃப்டியா சார்?" என்றாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

அஸ்தம்பட்டி பையன்:
பெங்களூரில் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டில் தெரியாது, அதை விடுங்கள். லீவுக்கு வந்தபோது ஏற்காடு ஏரியில் மிதி படகு எடுத்தோம். நடு ஏரியில் அவள், "வாடகை அக்ரிமென்ட் முடியுது. புதுசுல உன் பேரையும் சேத்துப் போடட்டுமா?" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். கரை வரை நான் ஒருவனே மிதித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்து சேரும்வரை ஒரு பேச்சு இல்லை. வாடகைப் பத்திரத்தைப் பற்றித்தானே கேட்டாள்?

பாடம் நடத்துகிறவர்:
இல்லை தம்பி. ஸ்டான்லி, ரோட்ஸ், மார்க்மன் மூவரும் 2006-இல் எழுதினார்கள்: சில ஜோடிகள் முடிவெடுத்துச் சேர்கிறார்கள், சிலர் அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ச் சேர்கிறார்கள். ஒரு சாவி, ஒரு கட்டில், ஒரு வாடகை என்று சேர்ந்துகொண்டே போகும். யாரும் எதையும் முடிவு செய்திருக்கமாட்டார்கள், ஆனால் வெளியே வருவது கஷ்டமாகியிருக்கும். அந்தப் பெண் சறுக்கலை நிறுத்தி உங்கள் முடிவைக் கேட்டிருக்கிறாள்.

எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு):
எனக்குச் சேர்வராயன் கோயில் திருவிழாவில் பெண் பார்த்தார்கள், அடுத்த தை மாதம் கல்யாணம். அவ்வளவுதான் என் கதை. அஸ்தம்பட்டித் தம்பிக்குச் சொல்கிறேன். முதலில் பெற்றவர்களிடம் சொல்லுங்கள். அப்பாவிடம் நேராகப் போகாதீர்கள், மாமா யாராவது இருந்தால் அவரை முன்னால் விடுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் போடுவதற்கு முன் பத்திரிகையில் பெயர் போடுங்கள். காப்பி நாற்று நட்டால் மூன்று நாலு வருஷத்துக்குப் பழம் பார்க்க முடியாது. அதற்குள் பிடுங்கி வேறு நடுகிறவன் தோட்டம் வைக்க லாயக்கில்லை. பெண் கோபத்தில் இருக்கும்போது மலைப்பாதையில் வண்டி ஓட்டாதீர்கள், அதுவும் பனி இறங்கும் நேரத்தில். ஹெல்மெட் போட்டிருந்தீர்களா? அவளுக்கு வாங்கித் தந்தீர்களா? பட்டறை அம்மா விஷயத்திலும் யோசிக்க ஒன்றுமில்லை. பொறுத்துப் போனார், குடும்பம் நிற்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்.

நைட் டூட்டி நர்ஸ்:
எஸ்டேட் ஐயா கோவிச்சுக்கக் கூடாது, ஆனால் இந்தப் "பொறுத்துப் போ" என்பதை எங்கள் வார்டில் வந்து சொல்லிப் பாருங்கள். கை முறிந்து ஒரு பெண் வந்தார். படியில் வழுக்கிவிட்டதாம். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் போன் பண்ணினார். இன்னொரு கையால் எடுத்து, "சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்குங்க, சூடாத்தான் இருக்கும்" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எத்தனையோ கேஸ் பார்த்தாயிற்று, அந்த ஹாட்பாக்ஸ்தான் மனதை விட்டுப் போகவில்லை.

சார் சொன்ன அதே ரஸ்பல்ட், மார்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1995-இல் காப்பகத்தில் தஞ்சம் புகுந்த பெண்களை ஆராய்ந்திருக்கிறார். போக வேறு வழி இல்லாதவர்களும், உறவில் நிறையப் போட்டிருந்தவர்களும்தான் அடித்தவரிடமே அதிகம் திரும்பிப் போனார்கள். மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் இதை மூன்றாகப் பிரிக்கிறார்: இருக்க ஆசைப்பட்டு இருப்பது, இருப்பதுதான் முறை என்று இருப்பது, இருந்தே தீர வேண்டிய கட்டாயத்தில் இருப்பது. தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் "குடும்பம் நிற்கிறது" என்றுதான் தெரியும் ஐயா.

அந்தப் பெண்ணிடம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். சீட்டைப் பர்சில் வைக்கவில்லை, மடித்துக் கட்டுக்குள் செருகிக்கொண்டார்.

எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு):
அடி வாங்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன் அம்மா? முழுசாகப் படித்துவிட்டுப் பேசவும். நான் சொன்னது ஹெல்மெட்.

குகை அக்கா:
சண்டை போதும், நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு முதலில் பேசிய பெண் ஒருவர் உண்டு, ஜாதகம் ஒத்துவராமல் விட்டுப்போனது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவர் மேடையேறிப் பாடினார். என்ன குரல்! பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து கேட்டார்கள். இவர் என் பக்கம் குனிந்து, "கொஞ்சம் கரகரப்பா இல்ல?" என்றார்.

எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் கேட்டதா? உளவியல் படிக்கிற என் மகள், 1989-லேயே இதை ஆராய்ந்துவிட்டார்கள் என்கிறாள். ஜான்சன், ரஸ்பல்ட் (இவர் வேறு ஜான்சனாம்). உறவில் உறுதியாக இருப்பவர்கள், கவர்ச்சியான இன்னொருவரைக் காட்டினால் மற்றவர்களைவிடக் குறைத்து மதிப்பிடுகிறார்களாம். அவர் வேண்டுமென்று செய்வதாக இருக்காது அம்மா என்கிறாள்.

சரி, கேட்டே விடுவோம் என்று நேற்று கேட்டேன். "அந்தம்மா அன்னைக்குப் பாடினாங்களா என்ன?" என்றார்.