ஞாயிறு வாங்கும் காய்கறி புதன்கிழமைக்குள் அழுகிவிடுகிறது, எங்கே தப்பு?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம். ஞாயிறு விடிந்ததும் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்கி வருவேன். நாங்கள் நான்கு பேர். இதுவரை அம்மாதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். தங்கச்சியின் பிரசவத்துக்காக அம்மா ஊருக்குப் போயிருக்கிறார். மனைவிக்கு ஷிப்ட் வேலை, அதனால் மூன்று மாதத்துக்குச் சமையல்கட்டு என் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பெரிய பேசினில் கொட்டி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசி, பிளாஸ்டிக் கவரில் முடிந்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிடுகிறேன். புதன்கிழமை பார்த்தால் மல்லித்தழை கருத்து ஒழுகுகிறது. வெண்டைக்காய் மேலெல்லாம் வழவழப்பு. கேரட் ரப்பர் மாதிரி வளைகிறது. உருளைக்கிழங்கைப் பொரித்தால் வேகும் முன்பே கருகுகிறது. நேற்று இரண்டு கட்டு அரைக்கீரையைக் குப்பையில் போட்டேன். விளைவித்தவர் கையிலிருந்தே வாங்கி வந்தது, மனசு கேட்கவில்லை. அம்மாவிடம் போனில் கேட்டால், "நான் வந்து பாத்துக்கறேன், நீ விடு" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் பொண்ணு:

தம்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அப்பா கமிஷன் கடை வைத்திருந்தார். கேரளாவுக்கு லோடு ஏறுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். இப்போது மதுரையில் இருக்கிறேன், ஐந்து பேருக்குச் சமைக்கிறேன். நீங்கள் செய்வதில் மாற்ற வேண்டியது முதலில் ஒன்றுதான்: வந்தவுடன் கழுவுவது.

சந்தையில் கீரைக்காரம்மா அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டவெளியில் காற்று படும், தெளித்த தண்ணீர் ஆவியாகும்போது தழை குளிர்ந்து நிமிர்ந்து நிற்கும். அதே ஈரத்தை கவருக்குள் முடிந்தால் போக வழியில்லை. பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். கவருக்குள் அது வேர்க்கும், வேர்வை மறுபடி அதன் மேலேயே இறங்கும், அழுகல் அங்கே பிடிக்கும். காலையில் பனி ஈரத்தோடு வந்த முட்டைக்கோஸை அப்பா அப்படியே மூட்டை கட்ட விடமாட்டார். சாக்கில் பரப்பி, கை வைத்துப் பார்த்து, ஈரம் சுண்டினால்தான் கட்டச் சொல்வார். வீட்டிலும் அதுதான் கணக்கு. வந்ததும் பையைத் தரையில் கொட்டி, பழைய வேட்டி மேல் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிட்டு நீங்கள் காபி குடியுங்கள்.

அப்புறம் பிரிக்க உட்காருங்கள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில்தான் வாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மல்லித்தழையில் ஆரம்பியுங்கள், அதுதான் முதலில் போகும். கட்டின வாழைநாரை உடனே அவிழ்த்துவிடுங்கள், கட்டின இடம் நசுங்கி அங்கிருந்துதான் கருக்கும். ஒவ்வொரு கொத்தாக விரித்தால் நடுவில் ஒன்றிரண்டு மஞ்சள் இலையும், ஈரத்தில் ஒட்டிப்போன கரும்பச்சை இலையும் இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் இரண்டு நாளில் பக்கத்து இலையையும் கூட்டிக்கொண்டு போகும். மண் ஒட்டிய வேரை நறுக்கிவிட்டு, தண்டோடு செய்தித்தாளில் தளர்வாகச் சுருட்டி எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். தாள் நனைந்தால் மாற்றுங்கள். எனக்கு பத்து நாள் தாங்குகிறது. புதினாவுக்கும் இதே பாடம். கறிவேப்பிலையை உருவி, துணியில் உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் போட்டால் போதும்.

கீரையை மட்டும் வாரத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். ஞாயிறு ஒரு கட்டு, அன்றைக்கோ மறுநாளோ ஆக்கிவிடுங்கள். அடுத்த கட்டுக்குப் புதன்கிழமை தெருவில் வரும் கீரைக்காரரைப் பாருங்கள். ஒரு நாள் வைக்க வேண்டும் என்றால் ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றி வையுங்கள்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி இலையோடு வந்தால் வீட்டு வாசலிலேயே இலையைக் கிள்ளிவிடுங்கள். இலை கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், வளைகிற கேரட்டுக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். வளைந்துவிட்டதையும் தூக்கிப் போடாதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் நிமிரும். முள்ளங்கிக் கீரையைப் பொரியல் செய்யலாம், எங்கள் வீட்டில் பாசிப்பருப்பு போட்டுச் செய்வோம்.

வெண்டைக்காயும் கத்தரிக்காயும் அதிகக் குளிர் தாங்காது. ஃப்ரிட்ஜில் அதிகம் குளிரும் இடத்தில் வைத்தால் கத்தரித் தோலில் குழி விழும், உள்ளே விதை கருக்கும். வெண்டை வழவழத்துப் போகும். இரண்டையும் துணிப்பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் குளிர் குறைவான இடத்தில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் திங்கள் வெண்டை, செவ்வாய் கத்தரி, வெள்ளிக்கிழமைக்கு முட்டைக்கோஸ், பீட்ரூட். எது முதலில் போகுமோ அது முதலில் சட்டியில் ஏறும்.

உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கவே வேண்டாம். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது. வெளிச்சம் படாத கூடையில் வையுங்கள். பச்சை ஏறிய கிழங்கை ஒதுக்கிவிடுங்கள், அது உடம்புக்கு ஆகாது. வெங்காயம் வேறு கூடையில், காற்று புகும்படி. சின்ன வெங்காயத்தைக் குவிக்காமல் முறத்தில் பரப்பி, அழுகினதைத் தினமும் பொறுக்குங்கள். ஒன்று போனால் அன்றைக்கே நாலு போகும்.

தக்காளி காயாக இருந்தால் வெளியே, காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். பழுத்துக் குழையப் போவது மட்டும் ஃப்ரிட்ஜுக்கு. வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் பக்கத்தில் கீரையும் வெள்ளரியும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது பட்டால் இவை மஞ்சளாகிவிடும்.

பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளி, துணியில் துடைத்து, தாள் விரித்த டப்பா. முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி மூடி வைத்தால் நாலைந்து நாள் ஓடும்.

ஆச்சி வீடு:

எங்கள் பக்கம் திருநெல்வேலி. ஆச்சி வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது. இஞ்சியை அடுக்களை மூலையில் மண்சட்டியில் ஈர மணலுக்குள் புதைத்து வைப்பார்கள், வேண்டும்போது ஒரு விரல் ஒடித்து எடுப்பார்கள். சில சமயம் முளைகூட விட்டிருக்கும். சேனை, சேப்பங்கிழங்கு மண்ணோடு அப்படியே கட்டிலுக்கடியில் கிடக்கும். முழுப் பூசணியைக் காம்போடு உறியில் தொங்கவிட்டால் மாதக் கணக்கில் கெடாது.

கொத்தவரங்காய் மிஞ்சினால் உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, மோரில் ஊறப்போட்டு, மொட்டை மாடியில் காயவைத்து வத்தல் ஆக்கிவிடுவோம். அண்ணே, மூன்று மாதம் தனியாகச் சமைக்கப் போகிறீர்கள், ஒரு டப்பா வத்தல் இருந்தால் மழை நாளில் கைகொடுக்கும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

அக்கா, ஒரு சந்தேகம். கழுவாமல் வைத்தால் மருந்து அடித்தது அப்படியே இருக்காதா? கவருக்குப் பதில் எதில் வைப்பது?

ஒட்டன்சத்திரம் பொண்ணு:

கழுவவே வேண்டாம் என்று சொல்லவில்லை, தங்கச்சி. நறுக்கும் முன் கழுவுங்கள், குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் தேய்த்து. நறுக்கிய பிறகு கழுவினால் சத்துதான் தண்ணீரோடு போகும். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, உப்புப் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் விட்டால் புழு மிதந்து வந்துவிடும். வெண்டையைக் கழுவித் துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு நறுக்குங்கள், பிசுபிசுக்காது.

கவருக்கு 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. பழைய காட்டன் சேலையில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது, அம்மாவின் சுங்குடிச் சேலை. கிழிந்த பிறகும் கீரையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சிங்காநல்லூர்க்காரன்:

அக்கா, ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. மல்லித்தழை டப்பாவைத் திறந்ததும் வாசம் அடிக்கிறது, இரண்டே இலைதான் பழுத்திருந்தது. உருளைப் பொரியல் பொன்னிறமாக வந்தது, சின்னவள் தட்டை வழித்துவிட்டாள். இந்த வாரம் குப்பைக்குப் போனது ஒரு பாகற்காய் மட்டும், டப்பாவுக்குப் பின்னால் கண்ணில் படாமல் பழுத்துவிட்டது. அண்ணே என்று அழைத்த ஆச்சி வீட்டுக்காரருக்கும் நன்றி, இஞ்சி இப்போது மணலில்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முட்டைக்கோஸைப் பாதி வெட்டி வைத்தால் வெட்டிய இடம் கருத்துவிடுகிறதே?

ஒட்டன்சத்திரம் பொண்ணு:

பாதியாகப் பிளக்காதீர்கள், தம்பி. வெளி இலையை ஒவ்வொன்றாக அடியில் கீறி உரித்து எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெட்டு வாய் இல்லாவிட்டால் கருக்க இடமே இல்லை. ஏற்கெனவே பிளந்தது இருந்தால், உரித்த பெரிய இலை ஒன்றை வெட்டின பக்கம் மூடி, ஈரத்துணியைப் பிழிந்து சுற்றி வையுங்கள். நாளைக்குச் சந்தையில் பீர்க்கங்காய் பிஞ்சாக இருந்தால் ஒரு கிலோ எடுங்கள், தோலைத் துவையல் அரைக்கலாம்.