டுரியானில் கொலஸ்ட்ரால் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்

ரவூப் தோட்டக்காரன்:
நம் மன்றத்தின் உடல்நலப் பகுதியில் நண்பர் கிள்ளான்வாசி ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். "டுரியான் முழுக்கக் கொலஸ்ட்ரால், நாற்பதைத் தாண்டியவர்கள் தொடவே கூடாது." கீழே ஒரு கூட்டம் கும்பிடு போட்டு நன்றி வேறு. ஐயா, கொலஸ்ட்ரால் நமக்குச் சாப்பாட்டில் முட்டை, இறைச்சி, இறால், நெய் என்று வருவது. மரத்தில் காய்க்கிற பழத்துக்குள் அதை யார் கொண்டுபோய் வைத்தார்கள்? 100 கிராம் சுளையில் சுமார் 147 கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு, 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நார்ச்சத்து. கொலஸ்ட்ரால் பூஜ்யம்.

கிள்ளான்வாசி:
டுரியான் தோட்டம் வைத்திருப்பவர் டுரியானைக் குறை சொல்வாரா என்ன? 5 கிராம் கொழுப்பு என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரியில் பூஜ்யம் என்கிறீர்கள். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் என் மச்சானுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. அது எங்கிருந்து வந்தது, ஆகாயத்திலிருந்தா?

ரவூப் தோட்டக்காரன்:
கொழுப்பு வேறு, கொலஸ்ட்ரால் வேறு. பள்ளிக்கூடத்துப் பாடம். மச்சான் டுரியானுக்கு முன்னால் என்ன சாப்பிட்டார், பின்னால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்களா? பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்.

கணக்குப்பிள்ளை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தாவரங்களிலும் மிக மிக நுண்ணிய அளவில் கொலஸ்ட்ரால் உண்டு. உணவு அட்டவணையில் 0 என்று போடுவது கணக்கில் சேராத அளவு என்பதால். ஆகவே 'பூஜ்யம்' என்ற சொல் சரியில்லை.

கிள்ளான்வாசி:
பார்த்தீர்களா! உண்டு என்கிறார். வாதம் முடிந்தது.

ரவூப் தோட்டக்காரன்:
எது முடிந்தது? உங்கள் வாதம் "முழுக்கக் கொலஸ்ட்ரால்". அவர் சொல்வது கணக்கில் சேராத அளவு. கணக்குப்பிள்ளை, உங்களுக்கும் வேறு வேலை இல்லையா? நீங்கள் எறிந்த துரும்பைப் பிடித்துக்கொண்டு இவர் இனி கரை ஏறப் பார்ப்பார். நடைமுறையில் பூஜ்யம்!

கணக்குப்பிள்ளை:
'நடைமுறையில்' என்ற சொல் இப்போதுதான் வந்திருக்கிறது. முதலில் இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

சுளை ரசிகை:
டுரியானைச் சும்மா சாப்பிடத் தெரியாதவர்கள்தான் இப்படி எண்ணிக்கொண்டிருப்பார்கள். சுளையில் உப்புப் போட்டுச் சில நாள் புளிக்கவிட்டுத் தெம்போயாக் ஆக்கி, பகாங்கின் தெமர்லோவில் செய்வதுபோல் பாத்தின் மீனோடு காந்தாரி மிளகாய் இடித்துப் போட்டுக் குழம்பு வையுங்கள். பழத்தின் இனிப்பு போய்ப் புளிப்பும் காரமும் நிற்கும். நொந்துபோன சுளைகளை எங்கள் வீட்டில் எறிவதே கிடையாது. கொட்டையைக்கூட அவித்துத் தின்போம், பச்சையாகத்தான் தின்னக்கூடாது.

கிள்ளான்வாசி:
மீன் குழம்பில் பழமா? அது சாப்பாடே இல்லை. சுடுசோற்றின் மேல் தேங்காய்ப்பாலும் டுரியானும் ஊற்றித் தின்கிற கூட்டமும் இங்கே இருக்கிறது. அதிலும் கொலஸ்ட்ரால் பூஜ்யமா தோட்டக்காரரே?

ரவூப் தோட்டக்காரன்:
தேங்காய்ப்பாலிலும் அதேதான். ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு நிறைய, அளவு மீறினால் உங்கள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும். பழத்தில் இருப்பது ஒன்று, உடம்பு தயாரிப்பது ஒன்று. இதை எத்தனை விதமாகச் சொல்வது? பயப்பட வேண்டுமென்றால் சர்க்கரைக்குப் பயப்படுங்கள். 100 கிராமில் 436 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதற்குப் பயப்படுங்கள். இதையெல்லாம் நீங்கள் எழுதியிருந்தால் நானே கும்பிடு போட்டிருப்பேன். பிடித்தது ஒரே சொல், அதுவும் தப்பான சொல்.

பினாங்கு பாலா:
டுரியானோடு பீர் குடித்தால் ஆள் அங்கேயே போய்விடுவான் என்கிறார்களே, அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
2009இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தார் சோதனைக் குழாயில் பார்த்தார்கள். மதுவிலிருந்து உண்டாகும் ஆல்டிஹைடை முறிக்கிற நொதியை டுரியான் சாறு 70 விழுக்காடு வரை தடுத்தது. குழாயில் என்பதைக் கவனிக்கவும். அதற்காகச் சேர்த்துக் குடிக்கச் சொல்லவில்லை.

பினாங்கு பாலா:
அப்படியானால் ஆபத்துதான். அப்புறம், பகாங்கின் ரவூப்காரர்கள் ரொம்பத்தான் அலட்டுகிறார்கள். பழம் என்றால் எங்கள் பினாங்கின் பாலிக் பூலாவ் பழம்.

ரவூப் தோட்டக்காரன்:
அதற்குத்தான் வந்தீர்களா? டி197 டுரியான் ரகம், அதாவது மூசாங் கிங், 1993இல் பதிவானது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது ரவூப்தான். உங்கள் ஊர்ப் பழத்தின் பெயரை வெளியே எத்தனை பேர் சொல்வார்கள்?

சுளை ரசிகை:
1937லேயே பதிவான டி24 ரகத்தை ஏன் எல்லோரும் மறந்துவிட்டீர்கள்? அந்தக் கசப்பு மூசாங் கிங்கில் கிடைக்காது. எனக்குக் கம்போங் பழமே, அதாவது ரகப் பெயரில்லாத நாட்டுப் பழமே போதும், விலையும் கையைக் கடிக்காது.

கிள்ளான்வாசி:
மூசாங் கிங் என்றதும் ஞாபகம் வருகிறது. போன பருவத்தில் தோட்டக்காரர் இங்கே ஒரு படம் போட்டார். மூசாங் கிங்கின் அடியில் நட்சத்திரம் போல் ஒரு தழும்பு இருக்கும். அவர் படத்தில் நட்சத்திரத்தையே காணோம். அன்றைக்குக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

ரவூப் தோட்டக்காரன்:
அது பக்கவாட்டில் எடுத்த படம்! அன்றே சொன்னேன். அன்றைக்கும் நீங்கள் படிக்கவில்லை, இன்றைக்கும் படிக்கவில்லை. திரும்பவும் கேட்கிறேன், 100 கிராம் டுரியானில் எத்தனை மில்லிகிராம் கொலஸ்ட்ரால்? எண்ணைச் சொல்லுங்கள்.

கிள்ளான்வாசி:
முதலில் நட்சத்திரத்தைக் காட்டுங்கள். எண்ணை அப்புறம் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எண் பூஜ்யம் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ரவூப் தோட்டக்காரன்:
கணக்குப்பிள்ளை, உங்களுக்குத் தனி இழை திறக்கப் போகிறேன்.