விண்டோஸ் 11 நிறுவும் திரையில் எஸ்எஸ்டி இல்லை, பயாஸில் மட்டும் இருக்கிறது

கேள்வி: புதுப்பெட்டி

விண்டோஸ் இல்லாமல் டாஸோடு வந்த மடிக்கணினி. இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் 8 ஜிபி பென்டிரைவ் தயாரித்து பூட் செய்தால், எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கிறது. ‘லோட் டிரைவர்’ மட்டும்தான் அழுத்த முடிகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) எஸ்எஸ்டியின் பெயர், அளவு எல்லாம் சரி. பென்டிரைவையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. எஸ்எஸ்டி பழுதா? கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

பதில்: சிப்செட்

எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல இன்டெல் மடிக்கணினிகளில் விஎம்டி என்ற, எஸ்எஸ்டியைக் கையாளும் கன்ட்ரோலர் இயங்கும் நிலையிலேயே வருகிறது. எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் இருக்கும். பயாஸுக்கு விஎம்டி தெரியும். நிறுவும் பென்டிரைவில் அதற்கான டிரைவர் இல்லையென்றால் பட்டியல் காலியாகத்தான் வரும்.

இன்னொரு கணினியில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை இறக்குங்கள். பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த படியில்தான்: இறங்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் நிறுவிக்கு அது டிரைவராகத் தெரியாது. 7-ஜிப்பில் பிரித்து, ஐஎன்எஃப் (.inf), சிஸ் (.sys), கேட் (.cat) கோப்புகள் கொண்ட விஎம்டி ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். நிறுவும் பென்டிரைவிலேயே போடலாம்.

பிறகு லோட் டிரைவர், பிரவுஸ், அந்த ஃபோல்டர். வரும் பட்டியலில் விஎம்டி கன்ட்ரோலர் என்றும், 12ஆம் தலைமுறைக்கு 467எஃப் என்றும் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்டி உடனே வந்துவிடும்.

பதில்: நடுச்சாமம்

ஒரே ஒரு எஸ்எஸ்டிதான், ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) வேண்டாம் என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவதும் வழிதான். விண்டோஸ் தன்னிடமுள்ள என்விஎம்இ டிரைவரை வைத்துக்கொண்டு ஓடும். சில ஏசர் மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் தெரியும்.

ஆனால் இது விண்டோஸ் ஏறாத டிஸ்க்குக்கு மட்டும். ஏற்கெனவே விஎம்டியோடு நிறுவியிருப்பதை நடுவில் அணைத்தால் பூட் டிஸ்க்கை எட்ட முடியாமல் நீலத்திரை வரும். பதறி டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள், விஎம்டியைத் திரும்ப இயக்கினால் பழையபடி பூட் ஆகும்.

புதுப்பெட்டி

நன்றி, டிரைவர் ஏற்றியதும் 512 ஜிபி வந்துவிட்டது. ஆனால் டிஸ்க்கில் எம்பிஆர் என்ற பழைய முறை பார்ட்டிஷன் டேபிள் இருப்பதால் நிறுவ முடியாதாம். அதோடு, வைஃபை டிரைவரும் இருக்காதே, இணையம் கேட்கும் திரையில் மாட்டிக்கொள்வேனா?

பதில்: சிப்செட்

யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகியிருப்பதால்தான் எம்பிஆரை மறுக்கிறது. டாஸ் டிஸ்க்தானே, உள்ளே எதுவும் இல்லையென்றால் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்து, மொத்தமும் ‘அன்அலோகேட்டட்’ (ஒதுக்கப்படாத இடம்) ஆனதும் நெக்ஸ்ட் கொடுங்கள். ஜிபிடி என்ற புதிய முறைக்கு நிறுவியே மாற்றிக்கொள்ளும். அழிக்கும் முன் அளவைப் பாருங்கள், பென்டிரைவும் அதே பட்டியலில்தான் நிற்கும்.

இணையத்துக்கு ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வது) இயக்குங்கள். ஈதர்நெட் போல எடுத்துக்கொள்ளும், வைஃபை டிரைவர் தேவையில்லை. டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும், சார்ஜுக்கு மட்டுமானது உதவாது. நிறுவும்போதே அப்டேட் இறங்கும், அன்றைய டேட்டா தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: நடுச்சாமம்

ஒன்று விட்டுப்போயிற்று. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டுவது) கேட்காமலே இயங்கிவிடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் பாருங்கள். இயங்கியிருந்தால், கணக்கில் சேமித்திருக்கும் 48 இலக்க மீட்புச் சாவியை இன்றே காகிதத்தில் எழுதி வையுங்கள். பின்னால் பயாஸில் செக்யூர் பூட்டையோ (பூட் ஆகும் மென்பொருளைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) விஎம்டியையோ மாற்றினால் அந்தச் சாவியைக் கேட்கலாம். அது இல்லாமல் டிஸ்க்கில் உள்ள எதையும் மீட்க முடியாது.