திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவு போனதில் நிஜமாக என்ன மாறியது?

கடைசி பெஞ்ச் எழுதியது:

முதுகலைப் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். திட்டக் கமிஷனுக்குப் பிந்தைய மாநில நிதி பற்றி ஆய்வேடு. 2017-18 மத்திய பட்ஜெட்டிலிருந்து திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாடு கைவிடப்பட்டது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அது வெறும் கணக்கெழுதுகிற முறை, ஒரு பத்தி போதும் என்கிறார் எங்கள் வழிகாட்டி. அவ்வளவுதானா? ஆபீசில் இதோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

பழைய பேரேடு எழுதியது:

ஒரு பத்தியில் அடங்காதும்மா. ஒரு துறையின் தலைமை அலுவலகத்தில் பட்ஜெட் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவில்தான் பாதி உத்தியோகம் போச்சு.

ஒரு மாணவர் விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுத் திட்டத்தில் புதிதாக வந்தால் கட்டடம், கட்டில், காப்பாளர் சம்பளம் எல்லாமே திட்டச் செலவு. அந்த ஐந்தாண்டு முடிந்ததும், தொடர்ந்து ஆகிற செலவு மட்டும் திட்டம் சாராக் கணக்குக்கு மாறும். அதே காப்பாளர், அதே பிள்ளைகள், அதே கரண்ட் பில். ஆனால் நேற்று வரை ‘வளர்ச்சி’, இன்றைக்கு ‘தண்டச் செலவு’. சிக்கன உத்தரவு வந்தால் முதல் கத்தி அங்கேதான் விழும். 2014-லும் மத்திய அரசு திட்டம் சாராச் செலவில் 10 சதவீதம் வெட்டச் சொன்னது. சம்பளம், ஓய்வூதியம், வட்டியில் கை வைக்க முடியாது என்று விலக்கு கொடுத்துவிட்டால் மிச்சம் எதில் வெட்டுவார்கள்? ரிப்பேரில், மருந்தில், பஸ் டீசலில்.

புதுத் திட்டத்துக்கான முன்மொழிவில் தொடரா செலவினம் (ஒரே தடவை ஆவது), தொடர் செலவினம் (வருஷா வருஷம் ஆவது) என்று ரெண்டு பத்தி இருக்கும். தொடரா செலவினத்தில் அடுப்பு, அண்டா, மேசை வரைக்கும் ஒவ்வொன்றாக விலையோடு எழுதுவோம், கேள்வியில்லாமல் ஒப்புதலாகும். தொடர் செலவினத்தில் கட்டடப் பராமரிப்புக்கு ஒரு தொகை போட்டால் அதை மட்டும் அடித்துவிட்டு, ‘நடப்பு ஒதுக்கீட்டிலிருந்தே சமாளித்துக்கொள்ளலாம்’ என்று குறிப்பு வரும். நடப்பு ஒதுக்கீடு என்ன அட்சய பாத்திரமா? நாலு மழைக்காலத்தில் கூரை ஒழுகும். அப்புறம் ‘பழுதடைந்த கட்டடத்துக்குப் பதில் புதுக் கட்டடம்’ என்று புதுத் திட்டம் போட்டால் கேட்டது கிடைக்கும்! பழையதைக் காப்பாற்றுவதைவிடப் புதிதாகக் கட்டுவது சுலபம் என்று ஆக்கி வைத்ததே இந்தப் பாகுபாடுதான்.

அரசுச் செலவு நிர்வாகத்தை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2011-லேயே இதை எடுத்துவிடச் சொன்னது. பிரிவு போக அதற்கப்புறம் ஆறு வருஷம் ஆச்சு.

வரப்போரம் எழுதியது:

பேரேடு ஐயா சொல்கிற நோய் உண்மை. ஆனால் திட்டக் கமிஷன் காலத்தில் மாநிலத்துக்கு ஒரு பிடி இருந்தது, அதையும் தங்கச்சி எழுதணும். மாநிலத் திட்டங்களுக்கான மத்திய உதவியைப் பிரிக்க, நாலாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், 1969-ல் வந்த காட்கில் சூத்திரம்: மக்கள்தொகைக்கு 60 சதவீதம், தனிநபர் வருமானம், வரி முயற்சி, நடப்பிலுள்ள பாசன மின் திட்டங்கள், மாநிலத்தின் தனிப் பிரச்சினைகள் ஒவ்வொன்றுக்கும் 10. எவ்வளவு வரும் என்று மாநிலம் உட்கார்ந்து கணக்குப் போடலாம். வந்த பணத்தைத் தன் திட்டத்துக்கே செலவழிக்கலாம். 14-வது நிதிக்குழு மத்திய வரியில் மாநிலங்களின் பங்கை 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தியதோடு அந்த உதவியும் நின்றுவிட்டது. பெரும்பாலான மத்திய திட்டங்கள் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று 60க்கு 40 ஆயின. திட்டத்தின் பெயர் டெல்லி வைக்கும், ரூபாய்க்கு 40 பைசா நாம் போடணும். திட்டக் கமிஷன் இடத்தில் வந்த நிதி ஆயோக்கிடம் போய்க் கேட்கலாம் என்றால் அதன் கையில் ஒதுக்கப் பணமே கிடையாது.

பழைய பேரேடு எழுதியது:

தம்பி, சூத்திரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உதவியிலும் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 70 சதவீதம் கடன், 30 தான் மானியம். வருஷா வருஷம் டெல்லியில் திட்டக் கமிஷன் இருந்த யோஜனா பவனுக்குப் போய், ‘இந்த ஆண்டுத் திட்ட அளவு இவ்வளவு கோடி’ என்று அறிவித்துவிட்டு வருவார்கள். போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியது என்றுதான் பேப்பரில் வரும். கட்டியதெல்லாம் ஓடுகிறதா என்று எந்தப் பேப்பரும் கேட்டதில்லை. கடைசியில் பராமரிப்புக்கென்றே 12-வது நிதிக்குழு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது: சாலை, பாலங்களுக்கு 15,000 கோடி, அரசுக் கட்டடங்களுக்கு 5,000 கோடி.

கடைசி பெஞ்ச் எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. அப்போ பிரிவு போனபிறகு அந்த நோய் தீர்ந்ததா? அதை எண்ணில் எப்படிப் பார்ப்பது?

பழைய பேரேடு எழுதியது:

எங்கே தீர்ந்தது? திட்டம், திட்டம் சாரா என்பது போய் மூலதனம் (கட்டடம், ரோடு என்று சொத்து உண்டாக்குவது), வருவாய் (அன்றாடம் நடத்துகிற செலவு) என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. மூலதனச் செலவு நல்லது, வருவாய்ச் செலவு கெட்டது என்று டிவியில் பேசுகிற எல்லாருக்கும் மனப்பாடம். நர்ஸ் சம்பளமும் வாத்தியார் சம்பளமும் வருவாய்ச் செலவுதான் என்பது யாருக்கும் ஞாபகம் வராது. மத்திய அரசு மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறதே, 2024-25-ல் 1.5 லட்சம் கோடி, அதுவும் மூலதன வேலைக்குத்தான். நல்ல கடன்தான், வேண்டாம் என்று எந்த மாநிலமும் சொல்லாது. ஆனால் அதில் போட்ட ரோட்டில் குழி விழுந்தால் அந்தப் பணத்தைத் தொட முடியாது.

எண்ணுக்கு ரோட்டையே எடுங்கள். அரசுக் கணக்கில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் எண் போட்ட தலைப்பு உண்டு. கணக்குத் தலைப்பு 5054 சாலை, பாலங்கள் மீதான மூலதனச் செலவு. 3054 வருவாய்ச் செலவு, பராமரிப்பு இதில்தான் வரும். 2012-13-லிருந்து ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பட்ஜெட் மதிப்பீட்டை நம்பாதீர்கள், திருத்திய மதிப்பீட்டையும் நம்பாதீர்கள். தணிக்கைத் துறை வெளியிடும் நிதிக் கணக்குகளில் இருப்பதுதான் செலவான பணம். அதன் பின்னிணைப்பில் பராமரிப்புச் செலவைச் சம்பளம் தனி, சம்பளம் அல்லாதது தனி என்று கொடுத்திருப்பார்கள். ரெண்டாவது பத்தியைத்தான் பார்க்கணும். ரோலர் டிரைவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுத் தாருக்குக் காசில்லாமல் விட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

வரப்போரம் எழுதியது:

அதோடு 60க்கு 40 திட்டம் ஏதாவது ஒன்றையும் சேர்த்துக்கோங்க தங்கச்சி. மத்தியப் பங்கு நிற்கிற வருஷத்தில் அந்த ஆட்களின் சம்பளம் எந்தத் தலைப்புக்குப் போனது என்று தேடுங்கள். உங்கள் வழிகாட்டியிடம் ஒரு பத்தி இல்லை, ஒரு அத்தியாயம் கேட்கலாம்.