வேலூர் 2019 இடைத்தேர்தல் இல்ல, "நிலுவைத்தேர்தல்"னு சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம தேர்தல் கலைச்சொற்பட்டியல்ல "இடைத்தேர்தல்"க்கு எடுத்துக்காட்டா வேலூர் 2019ஐ போட்டிருக்கீங்க ஐயா, தயவுசெஞ்சு அத எடுத்துடுங்க. நான் குடியாத்தத்துக்காரன், அந்த வருஷம் ரெண்டு தடவை வரிசைல நின்னவன், அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

ஏப்ரல் 18 ஓட்டுப்பதிவு. பணம் புடிபட்ட விவகாரத்துல 16ஆம் தேதி, அதாவது ரெண்டே நாள் முன்னாடி, எலெக்ஷன் கமிஷன் பரிந்துரைச்சு ஜனாதிபதி உத்தரவு போட்டு வேலூர் நாடாளுமன்றத் தேர்தல மட்டும் ரத்து பண்ணிட்டாங்க. ஆனா அதே தொகுதிக்குள்ள இருக்கற ஆம்பூர், குடியாத்தம் ரெண்டுக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல் சொன்ன தேதில நடந்துச்சு, ஏன்னா அங்க இருந்த எம்எல்ஏக்கள் தகுதிநீக்கம் ஆனதால அது நெஜமாவே காலியான இடம். எங்க பூத்துல எனக்கு முன்னாடி ஒரு அம்மா, பீடி சுத்தறவங்க, ஓட்டு போட்டுட்டு வெளிய போகாம நின்னுகினு "டெல்லிக்கு போடற மிஷின் எங்கப்பா"ன்னு கேட்டாங்க. ஆபீசர் "அது அப்புறம் நடக்கும்மா"ன்னாரு. "அப்ப அது பாக்கியா"ன்னு கேட்டுட்டு மைய ஊதிகினே போனாங்க.

அந்த பாக்கி ஆகஸ்ட் 5 அன்னிக்கு தீந்துச்சு, 9ஆம் தேதி எண்ணி கதிர் ஆனந்த் 8,141 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. ஊர்ல எல்லாரும் அத இடைத்தேர்தல்னு தான் சொன்னாங்க, இன்னைக்கும் சொல்றாங்க. ஆனா இடைத்தேர்தல்னா ஜெயிச்ச உறுப்பினரோட இடம் நடுவுல காலியாகி நடக்கறது, இங்க யாரும் அந்த இடத்துல உக்காந்து எழுந்திரிக்கவே இல்லையே. 543ல 542க்கு மே 23 ரிசல்ட் வந்துச்சு, மிச்சம் ஒண்ணு நாங்க. காலியான நாள்லேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள நடத்தணும், மீதி பதவிக்காலம் ஒரு வருஷத்துக்கு கம்மின்னா வேணாம்ங்கற இடைத்தேர்தல் கணக்கெல்லாம் "காலியான நாள்"னு ஒண்ணு இருந்தா தான ஓடும், வேலூருக்கு அந்த நாளே கெடையாது.

இது எங்களுக்கு மட்டும் வந்த குழப்பமும் இல்ல. 2016 நவம்பர் 19 அன்னிக்கு திருப்பரங்குன்றம், அரவக்குறிச்சி, தஞ்சாவூர் மூணுக்கும் ஒண்ணா ஓட்டுப்பதிவு, மூணையும் சேத்து இடைத்தேர்தல்னு தான் பேசினோம், ஆனா திருப்பரங்குன்றம் மட்டும் தான் எம்எல்ஏ இறந்து காலியானது, மத்த ரெண்டும் மே மாசத்துலேர்ந்து நின்னுபோன பொதுத்தேர்தல்.

இந்த மாதிரி நின்னுபோய் அப்புறம் நடக்கறதுக்கு "மறுதேர்தல்"னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க. மறுபடி நடக்க மொதல்ல ஒரு தடவ நடந்திருக்கணும். "ரத்துத்தேர்தல்"னா ரத்தானதயே சொல்ற மாதிரி இருக்கு, நடந்தத சொல்லல. அந்த அம்மா சொன்ன பாக்கி தான் சரியான கருத்து, அதுக்கு நம்ம கிட்ட ஏற்கனவே "நிலுவை" இருக்கு. நெசவாளர் சொசைட்டில, கரண்ட் பில்லுல, கோர்ட்டுல தெனம் பொழங்கற சொல்லு, நில்லுங்கற வேர்லயே நின்னுபோச்சுங்கறதும் வந்துடுது. அதனால நிலுவைத்தேர்தல். ஆர்.கே.நகர் 2017 ஏப்ரல்ல நின்னு டிசம்பர்ல நடந்துச்சே, அது இடைத்தேர்தலே நின்னது, அத "நிலுவை இடைத்தேர்தல்"னு சொன்னா கச்சிதமா பொருந்துது பாருங்க.

இன்னொண்ணு, பதவிக்காலத்துக்கு நடுவுல காலியாகற இடத்துக்கு "தற்செயல் காலியிடம்"ங்கற சொல்லு. உள்ளாட்சியில தற்செயல் தேர்தல்னே அறிவிப்பு வருது, தெரியும். ஆனா 2024ல ராகுல் காந்தி ரெண்டு தொகுதில ஜெயிச்சு வயநாட்ட விட்டாரு, அதுல தற்செயல் எங்க இருக்கு? ஈழத்துக்காரங்க காலியிடத்த வெற்றிடம்னு தான் சொல்றாங்க, நாம "இடைவெற்றிடம்"னு வைக்கலாம். இந்த சொல்லு தனியா வேணும், ஏன்னா 2020ல எங்க எம்எல்ஏ காத்தவராயன் இறந்தப்ப இடைவெற்றிடம் விழுந்துச்சு, இடைத்தேர்தல் வரவே இல்ல, 2021 பொதுத்தேர்தல் வரைக்கும் குடியாத்தம் அப்படியே கெடந்துச்சு.

இடைத்தேர்தலுக்கு எடுத்துக்காட்டு வேணும்னா நாடாளுமன்றத்துக்கு 1973 திண்டுக்கல் போடுங்க, உறுப்பினர் இறந்து, மாயத்தேவர் ஜெயிச்சது. சட்டமன்றத்துக்கு எங்க ஊரே இருக்கு, 1954ல காமராஜர் முதல்வராயிட்டு வந்து நின்ன குடியாத்தம். வேலூர் 2019ஐ மட்டும் "நிலுவைத்தேர்தல்"ங்கற புதுப் பதிவுக்கு மாத்திடுங்க ஐயா, அத த் போட்டு சேத்து ஒரே சொல்லா எழுதுங்க.